சொல் நீங்கிய பாட்டு: பிளைண்ட் வில்லி ஜான்சனின் இசைத்தட்டுகள்

பாடிய ஒருவரின் வரலாற்றை அறிய நமக்குக் கிட்டும் சான்றுகள் இருவகைப்படும். ஒன்று அவர் பாட்டு. மற்றொன்று அவரைப் பற்றிப் பிறர் உரைத்தது. இவ்விரண்டும் முரணும்போது எதனைக் கொள்வது என்னும் வினா எழுதல் இயல்பே. முரணாதபோது நேரும் இடர் அதனினும் பெரிது. செவிவழிக் கதை பாட்டுக்கு உரையாகிறது. பாட்டு கதைக்குச் சான்றாகிறது. ஒன்றை ஒன்று தாங்கி நிற்பதால், இரண்டுக்கும் கீழே நிலம் இல்லை என்பது எளிதிற் புலப்படுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாநிலத்திற் பிறந்து, 1927 முதல் 1930 வரை 30 பாடல்களை இசைத்தட்டிற் பதித்து, 1945இல் மறைந்த பிளைண்ட் வில்லி ஜான்சன் இவ்விடருக்குப் பெரிதும் ஆட்பட்டவர். அவருடைய பாடல்களுள் புகழ்மிக்கதாகிய 'இருண்டிருந்தது இரவு, குளிர்ந்திருந்தது நிலம்' என்பதற்கு இன்று பரவலாக வழங்கும் விளக்கம் பொருந்தாது என்பதும், அவ்விளக்கத்தால் அவர் கலையின் அடிப்படையே மறைக்கப்பட்டது என்பதும் எம் கருத்து. அதனை நிறுவுதற்கு முதற்கண் வாழ்க்கைச் செய்திகளைச் சிறிது தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும்.

ஜான்சனின் வாழ்க்கை நெடுங்காலம் ஒரே ஒருவர் வாய்மொழியைச் சார்ந்திருந்தது. 1950களில் சாமுவேல் சார்ட்டர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் டெக்சாசின் பியூமாண்ட் நகரில் ஜான்சனின் மனைவி ஏஞ்சலினைக் கண்டு உரையாடினார். அவ்வுரையாடலின் பயனாக 1957இல் போக்வேஸ் நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. ஜான்சன் பிறவியிற் கண்ணிழந்தவர் அல்லர். ஏழு வயதளவில், தந்தைக்கும் மாற்றாந்தாய்க்கும் மூண்ட பூசலில், அவ்வம்மையார் சினத்தால் வீசிய காரநீர் சிறுவனின் கண்களை அழித்தது என்னும் செய்தி ஏஞ்சலின் கூறியது. அவர் இறந்த கதையும் அவ்வம்மையார் கூறியதே: வீடு தீப்பற்றியது, தீயணைத்த நீரில் நனைந்த படுக்கையில் இருவரும் உறங்கினர், குளிர் கண்டு நுரையீரற் காய்ச்சலாயிற்று, கண்ணிலார் என்பதால் மருத்துவமனையார் ஏற்க மறுத்தனர். கேட்போர் நெஞ்சை விட்டு நீங்காத கதை இது. பின்வந்த நூல்கள் யாவும் இதனை வழிமொழிந்தன.

பின்னாளில் ஆவணங்கள் கிடைத்தன. 1918ஆம் ஆண்டின் படைப்பதிவுச் சீட்டு ஒன்று, ஜான்சன் 1897இல் பெண்டில்டன் என்னும் ஊரிற் பிறந்தவர் எனவும், அப்போது ஹூஸ்டன் நகரில் வாழ்ந்தவர் எனவும், கண்ணிலார் எனவும் காட்டுகிறது. அதற்குமுன் பிறந்த ஆண்டு 1902 என்றே எழுதப்பட்டு வந்தது. இறப்புச் சான்று 1945 செப்டம்பர் 18ஆம் நாளையும், இறப்புக்குக் காரணமாக மலேரியாக் காய்ச்சலையும் குறிக்கிறது. துணைக்காரணங்களாக மேகநோயும் கண்ணின்மையும் அதில் எழுதப்பட்டுள. கண்ணின்மை சாவுக்குத் துணைக்காரணம் ஆவது எங்ஙனம் என மருத்துவம் அறிந்தோரே கூறவேண்டும். அது நிற்க. 1945ஆம் ஆண்டின் பியூமாண்ட் நகர முகவரி ஏடு, பாரஸ்ட் தெருவில் 'ஜெப வீடு' ஒன்றை நடத்திய போதகராக ஒரு ஜான்சனைக் குறிப்பிடுகிறது. அவர் இவரே என ஆய்வாளர் கொள்வர். உறங்க இடமின்றித் தெருவில் அலைந்த இரவலர் என்னும் ஓவியத்தை இவ்வொரு வரி பெரிதும் மாற்றிவிடுகிறது. வீடும், சபையும், போதகர் என்னும் மதிப்பும் உடைய ஒருவரை இங்கே காண்கிறோம். வறுமை இல்லை என்பதன்று. வறுமையே அவர் முழு வரலாறும் அன்று என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. ஏஞ்சலினின் சொல் பொய் எனத் தள்ளவும் யாம் துணியோம். கணவரை இழந்த ஒருவர் பத்தாண்டு கழித்துக் கூறும் சொல்லுக்கும் மருத்துவர் படிவத்தில் எழுதிய சொல்லுக்கும் பயன் வேறு. ஒன்றைக் கொண்டு மற்றதனை முற்றும் அழித்தல் முறையன்று.

இனி இசைத்தட்டுகளைக் காண்போம். கொலம்பியா நிறுவனம் கறுப்பின மக்களுக்கென 14000 என்னும் எண்ணிற் தொடங்கும் தனி வரிசை ஒன்றை நடத்திவந்தது. அதன் பொறுப்பாளர் பிராங்க் வாக்கர் தென்மாநிலங்களுக்குக் கருவிகளை எடுத்துச் சென்று ஆங்காங்கே பாடுவோரைப் பதித்தார். டாலஸ் நகரில் 1927 டிசம்பர் 3ஆம் நாள் ஜான்சன் 6 பாடல்களைப் பாடினார். மறு ஆண்டு டிசம்பரில் அதே நகரில் 4. 1929 டிசம்பரில் நியூ ஆர்லியன்சில் 10. 1930 ஏப்ரலில் அட்லாண்டாவில் 10. இவற்றோடு முடிந்தது. முதல் தட்டு 9,400 படிகள் அச்சாகிப் பின்னர் 6,000 படிகள் மீண்டும் அச்சாயின. அவ்வரிசையில் முன்னணியில் இருந்த பெசி ஸ்மித் அம்மையாரின் அந்நாளைய தட்டினும் இது மிகுதி என்பர். 1929இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் தட்டு வாங்குவார் குறைந்தனர். ஜான்சனை மீண்டும் பதிப்பார் இலர். 'பிளைண்ட்' என்னும் அடைமொழி தட்டின் முகப்பில் நிறுவனம் அச்சிட்டது. அக்காலத்துக் கண்ணிலாப் பாடகர் பலர்க்கும் அவ்வடை வணிகக் குறியாகவே பயன்பட்டது. அதனை விடுத்து எழுதினால் இன்று அவரை அடையாளம் காண்பார் இலராதலின் யாமும் மேற்கொண்டோம்.

ஜான்சனை 'ப்ளூஸ்' பாடகர் வரிசையில் வைத்து எழுதுவோர் பலர். அவர் பதித்த 30 பாடல்களுள் உலகியற் பாடல் ஒன்றேனும் இல்லை. அனைத்தும் கிறித்துவச் சமயப் பாடல்கள். காதல், பிரிவு, குடி, சிறை, ஊர் விட்டு ஊர் செல்லல் என்னும் ப்ளூஸ் பொருள்கள் அவர்பால் இடம்பெறவில்லை. ஆயினும் அவருடைய கிதார், நரம்பின்மேல் கத்தி போன்ற ஒன்றை வழுக்கி வாசிக்கும் முறையில், ப்ளூஸ் வாசிப்போரின் கிதாரோடு உடன்பிறந்ததே. கருவி ஒரு மரபையும் சொல் மற்றொரு மரபையும் சார்ந்து நிற்றல் காண்க. அவரை முதன்முதல் பொருத்தமான இடத்தில் வைத்தவர் ஹாரி ஸ்மித் என யாம் கருதுகிறோம். 1952இல் அவர் தொகுத்த அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பில், 'வெளிப்படுத்தின யோவான்' என்னும் ஜான்சனின் பாடல் 'கூட்டிசை' என்னும் பகுதியில் சேர்க்கப்பட்டது. தனியொருவர் புலம்பலாக அதனை அவர் கேட்கவில்லை. ஒரு சபையின் ஓசையாகக் கேட்டார். இக்கேள்வித்திறன் பின்வந்தோரிடம் குன்றிற்று.

மேற்கூறிய 'இருண்டிருந்தது இரவு' 1927இன் முதல் நாட் பதிவிலேயே பாடப்பட்டது. இதில் சொல் இல்லை. கிதார் இழைந்து ஒலிக்கிறது. குரல் 'ம்', 'ஆ' என்னும் ஓசைகளால் அதனைத் தொடர்கிறது. ஏறத்தாழ மூன்றரை நிமிடம் இவ்வாறே செல்கிறது. 1925க்குப் பின் வழக்கில் வந்த மின்வழிப் பதிவு இன்றேல் இம்மெல்லிய முனகல் தட்டில் ஏறியிராது. பழைய கூம்புக் கருவியின்முன் உரத்துப் பாடுவோரே பிழைத்தனர். இப்பாட்டை 1964இல் பசோலினி தம் 'மத்தேயு எழுதிய சுவிசேடம்' திரைப்படத்திற் பயன்படுத்தினார். 1977இல் விண்ணிற் செலுத்தப்பட்ட இரு வாயேஜர் கலங்களிலும் வைத்த பொன்தட்டில் 27 இசைத்துண்டுகளுள் ஒன்றாக இது இடம்பெற்றது. பீத்தோவனின் நரம்பிசைப் பகுதிக்கு முன்னதாக, ஈற்றயலில் நிற்கிறது. அத்தட்டின் குழுவுக்குத் தலைமை பூண்ட கார்ல் சேகன், இரவு கவிந்தும் உறங்க இடமின்றி நிற்கும் நிலையே இப்பாட்டின் பொருள் என்றும், ஜான்சன் பலகாலும் அந்நிலையை எதிர்கொண்டவர் என்றும் கருத்துப்பட எழுதினார். இன்று யாண்டும் வழங்கும் விளக்கம் இதுவே.

இவ்விளக்கம் உருக்கமானது. ஆயின் பாட்டின் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதனை நோக்கினால் இது நில்லாது. தாமஸ் ஹாவைஸ் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய ஞானப்பாட்டு ஒன்றின் தொடக்கமே ஜான்சன் பாட்டின் தலைப்பு. இயேசு பெருமான், தாம் காட்டிக்கொடுக்கப்படும் இரவில், கெத்செமனே தோட்டத்தில் நிலத்தில் வீழ்ந்து வேண்டியதே அஞ்ஞானப்பாட்டின் பொருள். இருண்ட இரவு அவ்விரவு. குளிர்ந்த நிலம் அத்தோட்டத்து நிலம். தென்மாநிலக் கறுப்பினச் சபைகள் இதனைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தன. 1928இல் தட்டை வாங்கியோர், முகப்பில் அச்சிட்ட தலைப்பைப் படித்த அளவிலேயே, அல்லது பிறர் படிக்கக் கேட்ட அளவிலேயே, பாட்டு இன்னது என அறிந்திருப்பர். தலைப்பே பாட்டின் முழுச்சொல்லையும் அவர்தம் நெஞ்சில் எழுப்பியிருக்கும். சொல் நீங்கியது தட்டிலிருந்து மட்டுமே, கேட்போரிடமிருந்து அன்று.

அச்சபைகளில் ஞானப்பாட்டுப் பாடும் முறையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். நூலும் எழுத்தறிவும் அருகியிருந்த காலத்தில், முன்னவர் ஒருவர் ஓரடியை விரைந்து எடுத்துக் கொடுப்பார். சபையார் அவ்வடியை மிகவும் இழுத்து, ஓரெழுத்தின்மேல் பல ஓசைகளைச் சுழற்றிப் பாடுவர். சொல் கரைந்து ஓசை மட்டும் எஞ்சும் அளவுக்கு அது நீளும். பாட்டு முடிந்தபின்னும், அல்லது வேண்டுதலுக்கு இடையிலும், சொல்லின்றி முனகுதல் தொடரும். ஜான்சனின் பதிவைக் கேளுங்கள். கிதார் அடியை எடுத்துக் கொடுக்கிறது. குரல் சபையாகி அதனை இழுத்துப் பாடுகிறது. சிலபோது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒருவர் இங்கே இருவர் பணியைச் செய்கிறார். முன்னவர் கிதார், பின்னவர் குரல். தனிமையின் முனகல் எனக் கொள்ளப்பட்ட ஓசை ஒரு கூட்டத்தின் வேண்டுதலொலி எனின், பாட்டின் பொருளே வேறாகிறது. உறங்க இடமில்லாதவர் தம் துயரைப் பாடுகிறார் என்பது போய், பெருமானின் துயரைச் சபை சுமக்கிறது என்பது வருகிறது.

வாழ்க்கைத் துயர் பாட்டில் ஏறவே இல்லையோ எனின், ஏறியிருக்கலாம். இருப்பினும் அது வழியன்றி இலக்கு ஆகாது. தம் துயரால் பெருமானின் துயரை உணர்ந்தவர் என ஜான்சனைக் கூறுதல் வேறு. பெருமானின் பெயரை நீக்கிவிட்டுத் தம் துயரை மட்டுமே பாடியவர் எனக் கூறுதல் வேறு. பின்னது, அவருடைய சமயத்தை அவரிடமிருந்து பறித்து, அவரை வெறும் துன்பத்தின் சின்னம் ஆக்குகிறது. கறுப்பினப் பாடகரை மதிப்பிடும் வெளியார் பலர் இதனை அன்போடே செய்தனர் என்பதனை மறுக்கவில்லை. அன்பு இங்கே பொருட்கோளுக்குத் துணை செய்யவில்லை.

சொல்லை நீக்கும் இவ்வியல்பு இப்பாட்டோடு நிற்கவில்லை என்பதே எம் கருத்துக்கு வலிய சான்று. அதே நாளிற் பதிக்கப்பட்டு, 'இருண்டிருந்தது இரவு' தட்டின் மறுபக்கமாக வெளிவந்த 'குற்றம் என்னுடையதே' என்னும் பாடலை நோக்குக. வேதாகமத்தைப் படியாது விடின் ஆன்மா கெடும். அதன் பழி தம்மையே சாரும் என்பது பொருள். அதில் மீண்டும் மீண்டும் வரும் தொடரை ஜான்சன் பலவிடத்து முடிப்பதில்லை. சொல்லைத் தொடங்கி நிறுத்திவிடுகிறார். வழுக்குநரம்பு எஞ்சிய சொற்களின் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஒலித்து அடியை நிறைவு செய்கிறது. கேட்போர் செவியில் சொல் முழுமையாகவே விழுகிறது. தாயற்ற பிள்ளைகளின் துயரைக் கூறும் பாடலிலும் இதுவே முறை. கருவி பாட்டுக்குத் துணை என்னும் எண்ணம் இங்கு நில்லாது. சொல்லின் ஒரு பாதியே கருவியிடம் உள்ளது. அறிந்த சொல்லை விட்டுப் பாடினால் கேட்போர் உள்ளத்தில் அது இரட்டித்து ஒலிக்கும் என அவர் நன்கு தெரிந்திருந்தார். 'இருண்டிருந்தது இரவு' இம்முறையின் எல்லை. அங்கே ஓரடியை விட்டவர் பாட்டு முழுமையும் விட்டார்.

கண்ணிலார் ஒருவர் வேதத்தைப் படியாமைக்குத் தம்மையே பழித்துக்கொள்வதில் முரண்நயம் கண்டு வியப்போர் உளர். வியப்பு மிகையென்றே தோன்றுகிறது. அச்சபைகளில் வேதம் பெரும்பாலும் செவியாற் பெறப்பட்டது. முப்பது பாடல்களிலும் வேதச் செய்தி நிரம்பியுள்ளது. ஏட்டைக் காணாதவர் அதனை ஏட்டினும் உறுதியாக உள்ளத்திற் கொண்டிருந்தார். சிம்சோன், நோவா, யோவான் ஆகியோரை அவர் அறிந்த நெருக்கம், கண்ணாற் படித்த பலருக்கும் வாய்த்ததில்லை.

சிம்சோன் பாடலைப் பற்றிய கதை ஒன்றும் உண்டு. நியாயாதிபதிகள் ஆகமத்தில், கண் பிடுங்கப்பட்டுச் சிறைப்பட்ட சிம்சோன் பகைவர் மாளிகையின் தூண்களைச் சாய்க்கிறான். தமக்கு இயலுமாயின் இக்கட்டடத்தை வீழ்த்துவேன் என்னும் கருத்துடைய அப்பாடலை நியூ ஆர்லியன்சில் சுங்கமனையின் முன் ஜான்சன் பாடினார் எனவும், கலகம் தூண்டுகிறார் எனக் காவலர் அவரைப் பிடித்தனர் எனவும் கூறுவர். இதற்கு ஆவணம் காட்டினார் இலர். நிகழ்ந்தது எனக் கொள்ளாவிடினும் கதை பயனற்றதன்று. கண்ணிழந்த ஒருவர் கண்ணிழந்த வீரனைப் பாடும்போது, தென்மாநிலத் தெருவில் நின்ற கறுப்பின மக்கள் எக்கட்டடத்தை நினைத்தனர் என்பதனைக் கதை சொல்லிவிடுகிறது. இப்பாடலில் வழுக்குநரம்பு இல்லை. கிதார் தாளமாக அடிக்கப்படுகிறது. சொல் ஒன்றும் விடப்படவில்லை. எங்கே சொல்லை விடுவது, எங்கே விடாதிருப்பது என்பதில் அவர் வரையறை உடையவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1928இல் பதித்த ஒரு பாடல் 1918இன் பெருங்காய்ச்சலைப் பாடுகிறது. 1929இல் பதித்த ஒன்று முதல் உலகப் போரையும், மற்றொன்று 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலையும் பாடுகின்றன. செய்தித்தாள் பழையதானபின் பாடல் அதனை இறைவன் செயலாக வைத்துப் பேணுகிறது. இவை தனியே ஆராயத்தக்கன. இங்கு விரிக்க இடமில்லை.

குரலைப் பற்றிச் சிலவே கூறவேண்டும். ஜான்சனுக்கு இரு குரல்கள். ஒன்று தொண்டையை நெருக்கி எழுப்பும் கரகரத்த அடிக்குரல். தெருவிற் பாடும் போதகர்க்கு வாய்த்த படைக்கலம். மற்றொன்று இயல்பான, மென்மையான மேற்குரல். 1929இல் பதித்த 'உன் ஒளி என்மேல் வீசுக' என்னும் பாடல் மென்குரலில் தொடங்கி, நடை விரைந்து, அடிக்குரலுக்கு மாறுகிறது. ஒரே பாட்டில் இரண்டையும் கேட்க விரும்புவோர் இதனைக் கேட்க.

மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு. அதற்கே அநீதி இழைக்கப்பட்டது. 1928, 1930 பதிவுகளில் ஒரு பெண்குரல் ஜான்சனுக்கு விடை கூறுகிறது. 'வெளிப்படுத்தின யோவான்' பாடலில் எழுதுபவர் யார் என அவர் அடிக்குரலில் வினவ, அப்பெண் அமைதியாக விடை பகர்கிறார். வினவும் குரலின் வேகத்தை விடை தணிக்கிறது. அத்தணிப்பே பாட்டின் நடு. 1957இன் வெளியீட்டில் அக்குரல் ஏஞ்சலினுடையது எனக் குறிக்கப்பட்டது. 1970களில், மார்லின் ஊரில் வாழ்ந்த வில்லி பி. ஹாரிஸ் என்னும் அம்மையார் கண்டறியப்பட்டார். ஜான்சனின் முந்திய துணைவியாராகிய அவரே பாடியவர் எனத் தெளிவாயிற்று. 1993இல் முழுத்தொகுப்பு வெளிவந்தபோது இத்திருத்தம் இடம்பெற்றது. ஏடுகளில் ஒருவர் செய்யுள் மற்றொருவர் பெயரில் வழங்குவதனைப் பதிப்பாசிரியர் அறிவர். அங்கே ஆசிரியர் மறைந்து பல நூற்றாண்டு சென்றிருக்கும். இங்கோ பாடியவர் உயிரோடிருக்கையிலேயே, வினவியிருப்பின் விடை கிடைத்திருக்கக்கூடிய நிலையிலேயே, இருபதாண்டு அவர் குரல் வேறொருவர் குரலாக வழங்கிற்று. மனைவி எனக் கிடைத்தவரே பாடியவராக இருத்தல் வேண்டும் என்னும் முடிபு, கேட்டறிந்த முடிபு அன்று. கதையை நிரப்ப எழுந்த முடிபு. ஜான்சனை உறங்க இடமில்லாதவர் ஆக்கிய அதே பழக்கம் இது.

நியூ ஆர்லியன்ஸ் பதிவுகளிலும் ஒரு பெண்குரல் கேட்கிறது. அது ஹாரிசுடையது அன்று என்பது ஆய்வாளர் துணிபு. பட்டியல்களில் அவ்விடத்தில் 'பெயர் அறியப்படாத பெண்' என்றே அச்சிட்டுள்ளனர். 'உன் ஒளி என்மேல் வீசுக' தனிக்குரலாகவே பதிவானது. அதனை அடுத்து, அதே இரு நாள்களிற் பதித்த 'உன் சுமையை ஆண்டவரிடம் விட்டுவிடு' என்னும் பாடலைக் கேட்போர், ஜான்சன் தொடங்கும் அடியை அப்பெண் எங்கே வந்து பற்றிக்கொள்கிறார் என்பதனைக் கூர்ந்து நோக்குக. அவர் சொல்லை முடிக்கிறார். கிதார் அவ்விடத்தில் ஒதுங்கி நிற்கிறது.